வைப்பர் நடுவழியில் நிற்கிறதா? மோட்டாரைக் கழற்றும் முன் பாருங்கள்

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அப்பா வாங்கிய 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3 இன்னும் ஓடுகிறது. வைப்பர் மட்டும் படுத்துகிறது. சாதாரண நாளில் மெதுவாகவாவது ஓடும், மழை வலுத்தால் கண்ணாடி நடுவே நின்றுவிடும். சுவிட்சை அணைத்தாலும் கீழே இறங்கிப் படுப்பதில்லை, இருந்த இடத்திலேயே நிற்கிறது. மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. நல்ல மழையில் கண்ணாடி வழுக்கும், வைப்பருக்கு வேலை குறையும். மோட்டார் அதிகம் திணறுவது தூறலில், பாதி காய்ந்த கண்ணாடியில்தான். உங்கள் வண்டியிலோ நேர்மாறாக, மழை வலுக்கும்போது நிற்கிறது. வலுத்த மழையில் வேறு என்ன நடக்கிறது? ஹெட்லைட் போடுகிறீர்கள், வியாசர்பாடி பக்கம் தண்ணீர் தேங்கி வண்டி ஊர்ந்து போகிறது. டைனமோ வைத்த வண்டி என்றால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத மெது ஓட்டத்தில், அது சார்ஜே கொடுக்காது. ஆக மோட்டாருக்குப் போகிற கரண்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு மல்ட்டிமீட்டர் போதும். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓட விடுங்கள். பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட், மோட்டாருக்கு வரும் வயரில் எத்தனை என்று பாருங்கள். வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் வயரிங் வழக்கப்படி, ஃபியூஸைத் தாண்டி இக்னிஷனில் இருந்து வருகிற வயர் பச்சை நிறம். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். கண்ணாடி ஃபியூஸைப் பிடிக்கிற பித்தளைக் கவ்விகள் பச்சை பூத்திருக்கும். காசிமேட்டுக் கடல் காற்று இரவெல்லாம் அடிக்கிற ஏரியாவில் இது சர்வசாதாரணம். உப்புத்தாளால் தேய்த்து, கவ்வியை லேசாக நெருக்கி விடுங்கள். ஃபியூஸுக்குப் பதில் யாராவது செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பெரும்பாலும் குற்றவாளி இதுதான். பல பழைய லூகாஸ் வைப்பர்களில் சுவிட்ச் கரண்ட் பக்கம் இல்லை, எர்த் பக்கம் இருக்கும். மோட்டாருக்குக் கரண்ட் நேராகப் போய்விடும், டேஷ்போர்டு சுவிட்ச் எர்த்தைக் கொடுத்து ஓட வைக்கும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூகூட வைப்பரை மந்தமாக்கிவிடும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதைச் சுவிட்சின் எர்த் வயரிலும் வையுங்கள். வைப்பர் ஓடும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அங்கே துரு இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட் போய்த் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மோட்டாரின் எர்த் வயருக்கும் இதே வைத்தியம்தான்.

கரண்ட் சரியாகியும் மந்தமாகவே ஓடினால், இரண்டு வைப்பர் கைகளையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தி ஓட விடுங்கள். சட்டென்று வேகம் எடுத்தால் பிரச்சினை பிளேடிலும் கண்ணாடியிலும்தான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகிற வண்டியின் கண்ணாடியில் டீசல் பிசுக்கு படியும், வெறும் தண்ணீருக்குப் போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய செய்தித்தாளால் துடையுங்கள். புகையிலையைத் தேய்ப்பது அவசரத்துக்குச் சரி, பழக்கமாக வேண்டாம்.

தூக்கி நிறுத்தியும் வேகம் வரவில்லையென்றால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. மோட்டாரிலிருந்து ஒரு ரேக் கேபிள், அதாவது சுருள் சுற்றிய கம்பி, குழாய்க்குள் முன்னும் பின்னும் இழுபட்டு, வைப்பர் கைகளுக்கு அடியில் இருக்கும் இரண்டு வீல் பாக்ஸ்களை, அதாவது பல்சக்கரப் பெட்டிகளை, இயக்குகிறது. அந்தக் குழாய்க்குள் பல வருடத்து கிரீஸ் வெயிலில் வெந்து மெழுகாகிக் கிடக்கும். வைப்பர் கைகளைக் கழற்றி, மோட்டாரிலிருந்து கேபிளை விடுவித்து, ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். மீன் கடையில் தொங்குமே, அந்தத் தராசே போதும். லூகாஸ் கணக்கு 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ. அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் கேபிளை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, குழாயையும் துடைத்து, புது கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். அள்ளி அப்ப வேண்டாம். குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள், டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும்போது அடிக்கடி நடப்பது.

கேபிள் வெளியே இருக்கும்போதே வைப்பர் கை மாட்டும் தண்டைக் கையால் திருப்புங்கள். கரகரவென்றால், ரப்பர் வாஷர் வெடித்து உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மெல்லிய எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, முன்னும் பின்னும் திருப்பி, மறுநாள் மீண்டும் செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். வீல் பாக்ஸைத் திறந்தால் ஒரு சௌகரியம் தெரியும். உள்ளே இருக்கும் பல்சக்கரம் முழு வட்டம், கேபிள் தேய்ப்பது அதன் ஒரு பகுதியைத்தான். பல் தேய்ந்திருந்தால் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மாட்டலாம். புது பல் கிடைத்துவிடும், செலவு கிடையாது.

இனி கீழே படுக்காத பிரச்சினை. இது தனிக் கோளாறு. மோட்டாரின் கியர் பெட்டி மூடியில் ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கிறது. நீங்கள் அணைத்த பிறகும், வைப்பர் கீழே வரும்வரை எர்த் கொடுத்து ஓட வைப்பது அதுதான். அதன் தொடுமுனைகள் கருத்திருக்கும், அல்லது அதன் எர்த் விட்டுப்போயிருக்கும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு வைப்பர் கண்ணாடியின் கால்வாசியில் போய் நின்றால், மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, குவிந்த மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி நிற்கும் இடத்தைச் சரிசெய்யலாம். ஒரு எச்சரிக்கை: இது சரியான பிறகு வைப்பர் எங்காவது சிக்கினால், டேஷ்போர்டு சுவிட்சை அணைத்தால் மட்டும் கரண்ட் நிற்காது. இக்னிஷனை அணையுங்கள், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அசையவில்லையென்றால்தான் மோட்டார். அப்போதும் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அதுவும் தேறாது, காயிலும் போய்விட்டது என்றால் ரீவைண்டிங் செய்யக் கொடுங்கள், அல்லது பழைய மோட்டாரையே கையில் எடுத்துக்கொண்டு, பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை போங்கள். போல்ட் துளைகளையும் கேபிள் மாட்டும் முனையையும் ஒப்பிட்டு, கடையிலேயே பேட்டரியில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வைப்பரையும் பார்ப்பார்கள், அதனால் அந்தத் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.