சோலாரும் பேட்டரியும் போட்டுவிட்டால் ஈபி இணைப்பையே துண்டித்துவிடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீடு. மாடியில் 3 கிலோவாட் பேனலும், இரண்டரை லட்சத்துக்கு 10 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரியும் வைத்தால் ஈபி இணைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா, போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்?

இணைப்பை எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த 10 யூனிட் பேட்டரியையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். நானும் இதே ஆசையோடு கிளம்பி, இரண்டு தடவை செலவு செய்து கற்றுக்கொண்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது வீட்டைச் சுற்றியிருந்த ஆறு தென்னையில் ஐந்து போயிற்று, டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, எங்கள் தெருவுக்குக் கரன்ட் வந்தது 23ஆம் நாள். இருட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். தண்ணீர்தான் கொன்றுவிட்டது. போர்வெல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, மேலே ஏற்ற வழியில்லை. டிராக்டரில் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் டேங்குக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஏற்றினோம். 2012இல் பத்து பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அது ஈபியில் சார்ஜ் ஆகிற சாமான், ஈபியே இல்லையென்றால் இரண்டாம் நாள் வெறும் பெட்டி. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி எவனையும் நம்பக்கூடாது, நம் கரன்ட் நம் மாடியில் என்று.

ஆசை அப்படி. ஆனால் கையில் பணம் சேர்ந்து, 2024இல் மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டமும் வந்த பிறகுதான் பேனல் போட்டேன். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் (முதல் இரண்டு கிலோவாட்டுக்கு முப்பதாயிரம் வீதம், மூன்றாவதுக்குப் பதினெட்டாயிரம், அதற்கு மேல் எத்தனை போட்டாலும் இவ்வளவுதான்). எனக்கு மொத்தம் 1,95,000 ஆனது, மானியம் போக 1,17,000. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இந்த மானியம் ஈபி லைனோடு சேர்ந்திருக்கும் சோலாருக்கு மட்டும்தான். இணைப்பே வேண்டாம், தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றால் 78,000 கிடையாது. பேட்டரிக்கும் தனியாக எதுவும் தருவதில்லை.

போட்டு மூன்றாவது வாரம், பட்டப்பகலில், டிரான்ஸ்பார்மரில் ஏதோ வேலை என்று கரன்டை நிறுத்தினார்கள். வீடு அடங்கிப்போனது. அம்மா கேட்டாள், "ஏன்டா, மேல இவ்ளோ வெயில் காயுது, கீழ ஃபேன் சுத்தலையே?" என்னிடம் பதில் இல்லை. மாட்டிக் கொடுத்த ஆளுக்குப் போன் போட்டால், "ஆன்கிரிட் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார், ஏதோ நான் அதைக் கேட்டுத்தான் வாங்கினேன் என்பது போல. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் சொன்னது உண்மைதான். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஈபி லைனில் இருக்கும் வோல்டேஜைப் பார்த்து அதோடு ஒத்துப்போய் ஓடுகிறது. லைன் செத்தால் இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணம் நியாயமானது. கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது அல்லவா. ஆக, சோலார் இருக்கிற பெரும்பாலான வீடுகள் மின்வெட்டில் சோலார் இல்லாத வீட்டைப் போலத்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, பேட்டரி. பேட்டரி வைத்தால் பில் குறையும் என்று நினைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். பகலில் மிச்சமாகிற யூனிட் இருவழி மீட்டர் வழியாக வெளியே போகிறது, இரவில் நாம் எடுப்பதில் அது கழிகிறது, அப்படியும் மிஞ்சினால் அடுத்த பில்லில் வரவு. அதாவது ஊர் லைனே உங்களுக்கு ஓசி பேட்டரியாக இருக்கிறது, தேய்மானம் கிடையாது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை. உங்கள் 700 யூனிட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 3,900 ரூபாய் அளவில் வரும். 1 கிலோவாட் பேனல் நம் ஊரில் வருஷச் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கும், 3 கிலோவாட் என்றால் 12, இரண்டு மாதத்துக்கு 720. பில் ஏறக்குறைய காலி. வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் மிச்சம் என்றால் பேனலுக்குப் போட்டது ஐந்தாறு வருஷத்தில் வந்துவிடும். இதில் பேட்டரி எங்கே வந்தது? அது வைத்தாலும் பில் அதேதான், வைக்காவிட்டாலும் அதேதான். சொல்லப்போனால் சார்ஜ் ஏறி இறங்குவதில் பத்து சதவீதம் வீணாகிறது. உங்கள் இரண்டரை லட்சம் ஒரு நாளும் திரும்பாது.

பேட்டரிக்குக் கொடுக்கும் காசு மின்வெட்டு நேரத்துக்கான காசு. அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்டால் கணக்கு தானாகச் சின்னதாகிவிடும்.

இணைப்பே இல்லாமல் இருக்க என்ன வேண்டும் என்று நானும் ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் மூன்று நாள் நாலு நாள் விடாமல் மூட்டம் போடும், அப்போது என் 3 கிலோவாட் நாளுக்கு மூன்று யூனிட் கொடுத்தால் பெரிது. வீட்டுக்கு ஏசி இல்லாமலே எட்டு யூனிட் வேண்டும். நாளுக்கு ஐந்து யூனிட் துண்டு விழுகிறது, நாலு நாளுக்கு இருபது. அதற்கு 20 யூனிட் பேட்டரி, அது மறுபடி சீக்கிரம் நிரம்ப இரண்டு மடங்கு பேனல். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாளுக்காக இவ்வளவையும் வாங்கி வைப்பது, தலைதீபாவளிக்கு வரும் கூட்டத்துக்காகக் கல்யாண மண்டபத்து அண்டாவை விலைக்கு வாங்கி அடுப்படியில் நிறுத்துவது மாதிரி. சித்திரை வெயிலில் இன்னொரு கூத்து, அத்தனை பேனலும் கொட்டிக் கொடுக்கும், வாங்கிக்கொள்ள லைன் இல்லை, பேட்டரி பத்து மணிக்கே நிரம்பிவிட்டது, மீதி வெயில் வீண். இதற்கு மேல், வீட்டு இணைப்புக்கு 2022 செப்டம்பரிலிருந்து நிலைக் கட்டணமும் இல்லை, முதல் 100 யூனிட் இலவசம். சும்மா கொடுப்பதை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

இப்போது என் வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். போன வருஷம் அந்த ஆன்கிரிட் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு 5 கிலோவாட் ஹைப்ரிட் வைத்தேன், அதாவது ஈபி லைனோடும் ஓடும், லைன் செத்தால் பேனலையும் பேட்டரியையும் வைத்துத் தனியாகவும் வீட்டுக்குக் கொடுக்கும் (மின்வாரியத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டு மாற்றுங்கள், மீட்டர் விஷயத்தில் விளையாடக் கூடாது). அதோடு 51 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, கணக்கில் 5 யூனிட், கைக்கு வருவது நாலரை. 1,35,000 ஆனது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற பழைய டியூபுலர் பேட்டரியோடு ஒப்பிட்டால், 12 வோல்ட் 150 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஒன்றில் இருப்பது 1.8 யூனிட்தான், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். எனக்கு அது நாலு வருஷம் உழைத்தது. லித்தியம் பத்து வருஷம் என்கிறார்கள், பார்ப்போம்.

ஹைப்ரிடில் வேலையே வயரிங்கில்தான். மின்வெட்டில் ஓட வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து அதன் பேக்கப் முனையில் கொடுக்க வேண்டும். பழைய வீட்டில் ஒரே லைனில் ஃபேனும் கீசரும் இருக்கும், எலக்ட்ரீசியன் இரண்டு நாள் சுவரைக் கொத்தினார். நான் பிரித்தது ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், வைஃபை, டிவி. பழைய 75 வாட் ஃபேன்களைத் தூக்கிப் போட்டுவிட்டு 30 வாட் பிஎல்டிசி மாட்டினேன், அந்த ஒரு செலவு இன்னொரு அரை பேட்டரி வாங்கியதற்குச் சமம். எல்லாம் சேர்ந்து 300 வாட் இழுக்கும், நாலரை யூனிட்டில் பதினைந்து மணி நேரம். சாயந்திரம் ஆறு மணிக்குப் போன கரன்ட் காலை வரை வராவிட்டாலும் கவலையில்லை, விடிந்தால் மேலே வெயில் இருக்கிறது. ஏசி இதில் இல்லை. "ஏசி, கிரைண்டர் எல்லாமே ஓடும் சார்" என்றார் விற்க வந்தவர், ஓடும்தான், ஏசியை ராத்திரி போட்டால் நாலு ஐந்து மணி நேரத்தில் பேட்டரி கவிழ்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மோட்டார்தான் நான் பிடிவாதமாகச் சேர்த்தது. கஜாவில் பட்டது அது. 1 எச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்கும், ஆனால் கிளம்பும்போது அதைப் போல் மூன்று நாலு மடங்கு கேட்கும். கடையில் முதலில் காட்டிய 3 கிலோவாட் இன்வெர்ட்டர் இந்த உதறலில் டிரிப் ஆகிவிட்டது, அதனால்தான் 5. வெயில் இருக்கும் நேரத்தில் இருபது நிமிஷம் ஓடினால் டேங்க் நிரம்பிவிடும்.

புயலில் பேனல் நிற்குமா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். கீழே துணி காயப்போடலாம், வடாம் காயவைக்கலாம் என்று எட்டடி உயரத்துக்குக் கம்பி நட்டுப் பேனலைத் தூக்கி வைப்பது இப்போது ஃபேஷன். கடற்கரைப் பக்கம், டெல்டா பக்கம் இருப்பவர்கள் அதற்கு ஆசைப்படாதீர்கள், காற்று அடியில் புகுந்து பாயைச் சுருட்டுவது போலத் தூக்கிவிடும். நான் மாடித் தளத்தோடு தாழ்வாக, கான்கிரீட் கட்டை போட்டு வைத்திருக்கிறேன். பேனலைக் காலை வெயில் ஏறுமுன் கழுவுங்கள், போர்வெல் தண்ணீர் உப்புக்கறை பிடிக்கும், கடைசியில் ஒரு துணியால் வழித்துவிடுங்கள்.

நிழலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கஜாவில் தப்பித்த அந்த ஒற்றைத் தென்னை மூன்றரை மணிக்கு மேல் என் பேனல் வரிசையில் ஒன்றின்மேல் நிழல் போடும், ஒன்று இருட்டினால் வரிசை முழுக்க இறங்குகிறது. மரத்தை வெட்ட அம்மா விடவில்லை, புயலே விட்டுவைத்ததை நீ வெட்டுவியா என்றாள். பேனலைத்தான் நாலடி நகர்த்தினேன்.

உங்களுக்கு நான் சொல்வது, எந்த கொட்டேஷனிலும் கையெழுத்துப் போடுமுன் ஒரு வாரம் சாயந்திரம் ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அதில் இரண்டு ராத்திரி ஏசியும் கீசரும் போடாமல் இருங்கள், கொஞ்சம் வேர்க்கும்தான். அந்த இரண்டு ராத்திரிக் கணக்கை இங்கே போடுங்கள், 3 யூனிட் பேட்டரியா 5 யூனிட்டா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.