மாணவர் லாகினில் மென்பொருள் போட முடியவில்லை. எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் காலை பேட்சுக்கு ஒரு லாகின், மாலை பேட்சுக்கு ஒரு லாகின், கணக்கு எழுதும் அக்காவுக்கு ஒன்று. மாணவர் லாகினில் எதைப் போட்டாலும் அட்மின் (கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற அதிகாரம் உள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு கொடுத்துப் போட்டாலும் சில மென்பொருட்கள் அடுத்த பேட்சுக்குத் தெரிவதில்லை. எல்லா லாகினையும் அட்மின் ஆக்கிவிட்டால் என்ன?

பதில்: ஆக்காதீர்கள். இன்றைக்குத் தொல்லை விட்ட மாதிரி இருக்கும். அடுத்த வாரமே யார் எதைப் போட்டார்கள், யார் எதை அழித்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பாரிமுனை பக்கம் பயிலகங்களுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் சென்டரில் நடப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிறதே என்றுதான் எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, செட்டப் யார் பெயரில் ஓடியது, மென்பொருள் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைத்தான்.

விண்டோஸில் மென்பொருள் போய்ச் சேர இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சி டிரைவில் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ். ஒண்டுக்குடித்தன வீட்டு அடிபம்பு மாதிரி அது: எல்லாக் குடித்தனமும் தண்ணீர் அடித்துக்கொள்ளலாம், கழற்றி மாட்டுகிற வேலை வீட்டுக்காரருடையது. அதாவது எந்த லாகினில் இருந்தும் மென்பொருளைத் திறந்து வேலை செய்யலாம். அந்த ஃபோல்டரில் எழுதவோ மாற்றவோ அட்மின் வேண்டும். இன்னொன்று ஒவ்வொரு யூசருக்கும் தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர். இங்கே போட அட்மின் தேவையில்லை. ஆனால் யார் போட்டாரோ அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டெலிகிராமின் டெஸ்க்டாப் செட்டப் ஆப்டேட்டாவில்தான் போய் உட்காரும். குரோம் பாஸ்வேர்டு கேட்கும்போது வேண்டாம் என்று சொன்னால், அட்மின் இல்லாமலே போடவா என்று கேட்டு அந்த யூசருக்கு மட்டும் போட்டுக்கொள்ளும். விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு யூசர் செட்டப், சிஸ்டம் செட்டப் என்று இரண்டு தனி ஃபைல்கள் உண்டு. தளத்தின் பெரிய பட்டனை அழுத்தினால் இறங்குவது யூசர் செட்டப். சென்டருக்கு வேண்டியது மற்றது; அது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து போடுவதும் யூசர் வாரியாகத்தான். காலை பேட்ச் போட்டது மாலை பேட்சுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இதைவிட மண்டையைக் குழப்புவது ஒன்று இருக்கிறது. மாணவர் லாகினில் இருந்தபடியே நீங்கள் எட்டி வந்து அட்மின் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள் இல்லையா, அந்த நிமிடத்தில் இருந்து செட்டப் ஓடுவது மாணவர் பெயரில் இல்லை, அட்மின் பெயரில். பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான செட்டப் ஃபைலை ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து, பாஸ்வேர்டு அடித்து, முதலில் தெரியும் இன்ஸ்டால் நவ் பட்டனை அழுத்தினால், பைத்தான் சமர்த்தாக அட்மினுடைய ஆப்டேட்டாவுக்குள் போய்விடும். வெற்றி என்று திரையில் வரும். மாணவரின் ஸ்டார்ட் மெனுவில் ஒன்றும் இருக்காது. தேடிப் போகலாம் என்றால் அட்மினின் ஃபோல்டரைத் திறக்க அவருக்கு அனுமதியும் இல்லை. "நேத்து போட்டீங்களே சார், காணோமே" என்று பையன் வந்து நிற்பான். அவன் மேல் தப்பே இல்லை.

அதனால் எதைப் போடுவதாக இருந்தாலும் மாணவர் லாகினை மூடிவிட்டு, அட்மின் லாகினுக்குள் நீங்களே போய்ப் போடுங்கள். செட்டப் நடுவில் எல்லா யூசருக்குமா, எனக்கு மட்டுமா என்று கேட்டால் எல்லா யூசருக்கும் என்பதைத் தேருங்கள். கேட்காத செட்டப்பில் கஸ்டமைஸ் அல்லது அட்வான்ஸ்டு என்று ஒரு வழி இருக்கும், அதற்குள் போய்ப் பாருங்கள். பைத்தானில் கஸ்டமைஸ் வழியாகப் போனால் இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் என்ற கட்டம் இரண்டாவது பக்கத்தில் இருக்கும். டிக் செய்ததும் கீழே காட்டும் இடம் புரோகிராம் ஃபைல்ஸ் என்று மாறும். அது மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள்.

தமிழ் ஃபான்ட்டும் இதே கதைதான். விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, ஃபான்ட்டை ரைட் கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது உங்கள் லாகினுக்கு மட்டும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் ஒருவர் அடித்த கடிதத்தை மற்றவர் லாகினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவது இதனால்தான். அதன் பக்கத்திலேயே இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் இருக்கிறது, அதைக் கொடுங்கள். தமிழ் கீபோர்டை ஒரு லாகினில் சேர்த்தால் மற்றதற்கு வராது. பழைய கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ், அங்கே காப்பி செட்டிங்ஸ் என்று போனால் புதிதாக உண்டாக்கும் லாகின்களுக்கு அது தானாக வரும்படி செய்யலாம். ஏற்கெனவே இருக்கும் லாகின்களில் ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும், வேறு வழியில்லை.

சரி, கணக்கு எழுதும் அக்காவுக்கு வருவோம். அங்கே சிக்கல் வேறு மாதிரி. அவர் வைத்திருப்பது பழைய கணக்கு மென்பொருள் என்றால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலும் எல்லோரும் அட்மினாகத்தான் இருந்தார்கள். மென்பொருள் எழுதியவர்களும் அந்த நினைப்பில், கணக்கு ஃபைலை மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 2007-இல் அடுத்த பதிப்பான விஸ்டா வந்தபோது அந்தக் கதவு மூடப்பட்டது. ஆனால் பழைய மென்பொருள் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வேலை செய்தது: பழைய 32 பிட் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், அதைத் தடுத்துப் பிழை காட்டாமல், அந்த யூசரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குள் எழுதவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. யூசருக்கும் தெரியாது.

காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒரு கடையில் இது என்ன பாடு படுத்தியது தெரியுமா. முதலாளிக்கு ஒரு லாகின், பில் போடும் பெண்ணுக்கு ஒரு லாகின், ஒரே கம்ப்யூட்டர், ஒரே மென்பொருள். "நான் பாத்தா ஒரு பாக்கி காட்டுது, அந்தப் பொண்ணு பாத்தா ஒரு பாக்கி காட்டுது. இன்னாபா கணக்கு இது?" என்றார். அந்தப் பெண்ணின் மேல் சந்தேகம் வந்துவிட்ட நேரம் அது, அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரின் விர்ச்சுவல்ஸ்டோரையும் திறந்து காட்டினேன். ஒரே பெயரில் இரண்டு கணக்கு ஃபைல், இரண்டுக்கும் வேறு வேறு அளவு, வேறு வேறு தேதி. முதலாளி அடித்தது முதலாளியின் ஃபைலில், அவர் அடித்தது அவருடைய ஃபைலில். இரண்டையும் சேர்க்க மென்பொருளில் வழி இல்லை. பில் கட்டை வைத்துக்கொண்டு விட்டுப்போனதைக் கையால் ஏற்றினார்கள்.

இப்படிப்பட்ட மென்பொருளுக்கு வைத்தியம், கணக்கு ஃபைலை வெளியே கொண்டுவருவது. டேட்டா இருக்கும் இடத்தை மாற்ற செட்டிங்ஸில் வழி இருந்தால், தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே மாற்றுங்கள். பிறகு அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், கணக்குப் பார்க்கும் லாகின்களுக்கு மட்டும் மாடிஃபை (எழுதவும் மாற்றவும்) அனுமதி கொடுங்கள். மாணவர் லாகினுக்கு அந்தப் பக்கமே வேலை இல்லை. டேலி பிரைம் மாதிரி இப்போதைய மென்பொருட்கள் டேட்டாவை யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பப்ளிக்கில் தனியாக வைத்துக்கொள்கின்றன; அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பப்ளிக் என்றால் பேருக்கேற்ற பப்ளிக், மாணவரும் உள்ளே போகலாம். உங்கள் சென்டரில் அதையும் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுவது நல்லது.

நிறையப் பேர் குறுக்கு வழியாக புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் மென்பொருள் ஃபோல்டருக்கே எல்லோருக்கும் மாடிஃபை கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மென்பொருளை நேராக சி டிரைவின் கீழே ஒரு ஃபோல்டரில் போடுகிறார்கள். அங்கே புதிதாக உண்டாகும் ஃபோல்டரில் லாகின் உள்ள எவரும் எழுதலாம் என்பதால் உடனே வேலை செய்யும். எனக்கு இரண்டுமே பிடிக்காது. மென்பொருளின் ஃபைலையே ஒரு மாணவர் மாற்றி வைத்துவிட்டால், நாளைக்கு நீங்கள் அட்மினாக அதைத் திறக்கும்போது அவர் வைத்தது உங்கள் அதிகாரத்தில் ஓடும். டேட்டாவுக்கு அனுமதி கொடுங்கள், மென்பொருளுக்குக் கொடுக்காதீர்கள். மென்பொருள் ரொம்பப் பழசு, டேட்டா இடத்தை மாற்றவே முடியாது என்றால், அந்த ஒரு மென்பொருளை மாணவர்கள் தொடாத கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பிரிண்டருக்கும் ஒரு வார்த்தை. நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரை முன்பு யாரும் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது அட்மின் கேட்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2021-இல் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அந்த ஆகஸ்ட் அப்டேட்டில் இருந்து டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போட அட்மின் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அட்மின் லாகினில் டிரைவரை முதலிலேயே போட்டுவைத்துவிட்டால் தொல்லை குறையும்.

இப்போது இருக்கும் கம்ப்யூட்டர்களை எப்படி மாற்றுவது? விண்டோஸ் ஹோம் பதிப்பே போதும், புரோ வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பராமரிப்புக்கென்று தனியாக ஒரு அட்மின் கணக்கு, மற்ற எல்லாம் ஸ்டாண்டர்டு யூசர் (அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு), ஓனரின் லாகின் உட்பட. ஓனர் கொஞ்சம் முகம் சுளிப்பார். அவர் திறக்கும் மின்னஞ்சலில்தான் வைரஸ் வருகிறது என்று பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாணவர்கள் எதிரில் அடிக்காதீர்கள். காலை பேட்சில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் மாலை பேட்ச் முழுக்கத் தெரியும்.

வரிசை மட்டும் முக்கியம். புதிய அட்மின் கணக்கை உண்டாக்கி, அதில் ஒருமுறை லாகின் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு சரியாக இருக்கிறது, அட்மின் வேலைகள் நடக்கின்றன என்று உறுதியான பிறகு, அந்தக் கணக்கில் இருந்தபடியே மற்ற கணக்குகளை ஸ்டாண்டர்டுக்கு இறக்குங்கள். பிறகு மாணவர் லாகினுக்குள் போய், பாடத்துக்கு வேண்டிய ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, ஒரு ஃபைலைச் சேமித்து, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எது அடம்பிடிக்கிறதோ அதை அட்மின் லாகினில் எல்லா யூசருக்குமாகத் திரும்பப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேட்ச் இல்லாத நேரமாகப் பார்த்து இதை வைத்துக்கொள்ளுங்கள்.