பிரஷர் நார்மல், நாடித்துடிப்பு 56: மெட்டோப்ரோலாலை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் மெட்டோப்ரோலால் 50 சாப்பிடுகிறார். இப்போது பிரஷர் நார்மல், நாடித்துடிப்பு 56. எப்போதும் அசதியாக இருக்கிறது என்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்டோப்ரோலால் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்து. அதைத் திடீரென்று விட்டால் படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மறுபடி மாரடைப்பேகூட வரலாம். நிறுத்துவதானாலும் டாக்டர் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் குறைப்பார். வெளியூர் போகும்போது மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது பிரஷருக்காக மட்டும் கொடுத்த மாத்திரை அல்ல. இதயத்தை விரட்டும் அட்ரினலின் போய் ஒட்டுகிற இடங்களை இது மறித்துக்கொள்கிறது. துடிப்பு குறையும், சுருங்கும் வேகம் தணியும், ஆக்சிஜன் தேவையும் குறையும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வது அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். துடிப்பு நிதானமானால் அந்த நேரம் நீள்கிறது. ஆக, 56 என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு வந்தாலோ உடனே காட்டுங்கள்.

அசதியை அப்பா கற்பனையாகச் சொல்லவில்லை. இந்த மருந்துக்கு அது உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு பீட்டா பிளாக்கருக்கு மாறலாம். அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாப் பழியையும் மாத்திரை மேலேயே போட வேண்டாம்.

சரி, ஆயுள் முழுக்கத் தேவையா? எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப்.’ என்ற எண்ணைப் பாருங்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, இது உயிர்காக்கும் மருந்து. 50-க்கு மேல் இருந்து, நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ இல்லை என்றால் விஷயம் வேறு. அப்படிப்பட்டவர்களிடம் 2024-இல் வெளியான ‘ரெட்யூஸ் ஏஎம்ஐ’ ஆய்வு, இந்த மருந்தால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை என்றது. அதே ஆண்டு வந்த பிரெஞ்சு ஆய்வில், பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியிருந்தது. அதனால்தான் இதை ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். டாக்டரிடமே கேளுங்கள், கேட்கத் தகுந்த கேள்விதான்.

அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறார் என்றால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.