கார்ப்பெட்டை எடுத்துவிட்டு லாமினேட் தரையை நாமே போட முடியுமா?

கனடாவில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம், மாடி அறைகளில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு லாமினேட்டை நாங்களே போடலாமா, ஆள் வைப்பதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். மிசிசாகாவில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு படுக்கையறைகளுக்கு நானும் மனைவியும்தான் போட்டோம். மகளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. காலையில் எழுந்தாலே தும்மல். கார்ப்பெட்டைச் சுருட்டியபோது அடியில் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு, இதன் மேலா பிள்ளையை விளையாட விட்டோம் என்று மனசு கஷ்டப்பட்டது. முதல் அறைக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. இரண்டாவது ஒன்றரை நாளில் முடிந்தது.

பலகை கோப்பது சுலபம். ஒன்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை இன்னொன்றின் ஓரத்துக் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், சாய்த்துச் செருகி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். தரை எதிலும் ஒட்டாமல் ஒரே விரிப்பாக மிதந்துகொண்டிருக்கும். இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லாமினேட்டின் மேலே தெரிவது மரத்தின் படம் அச்சிட்ட தாளும் அதன் மேல் கெட்டியான மெலமைன் பூச்சும். உள்ளே இருப்பது மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அது சுருங்கும், கோடைப் புழுக்கத்தில் விரியும். அதற்கு இடம் விட, சுவர் ஓரமெல்லாம் சுமார் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். நான் சுவர் ஓரத்தில் ஒழுங்காக விட்டேன். ஆனால் கதவு நிலையைச் சுற்றி வெட்டும்போது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பலகையை நிலையோடு ஒட்டி நெருக்கி வைத்துவிட்டேன். போட்டது பிப்ரவரியில். ஜூலையில் கதவருகே தரை மேடாக எழும்பி, கால் வைத்தால் அமுங்கியது. நிலையின் அடியை ஒரு பலகைக் கனத்துக்கு அறுத்து, பலகையின் ஓரத்தையும் கொஞ்சம் செதுக்கி உள்ளே நுழைய விட்ட பிறகுதான் தரை படிந்தது. நீங்கள் முதலிலேயே நிலையை அறுத்துவிடுங்கள். மிச்சத் துண்டு ஒன்றை, பலகைக்கு அடியில் விரிக்கும் ஃபோம் துண்டோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ரம்பத்தைப் படுக்க வைத்து இழுத்தால் உயரம் சரியாக வரும்.

முதல் வார இறுதி முழுக்க அடித்தரைக்கே போனது. கார்ப்பெட் பின்களை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். நடந்து பார்த்து, கிரீச்சிடும் இடங்களில் கீழே உள்ள உத்தரத்தில் இறங்கும்படி ஸ்க்ரூ போட வேண்டும். பிறகு 10 அடி நீளச் சட்டத்தை வைத்துப் பாருங்கள், 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்புங்கள், மேடு இருந்தால் தேய்த்துவிடுங்கள். பள்ளத்தின் மேல் போட்ட பலகை ஒவ்வொரு மிதிக்கும் அசைந்து, கடைசியில் நாக்கு முறியும். ஆள் வைத்துச் செய்தாலும் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் பலகையை வைக்கும் முன் கணக்குப் போடுங்கள். எங்கள் அறை அகலம் 3,110 மி.மீ. இரு பக்க இடைவெளி போக 3,090. பலகை அகலம் 192. முழுப் பலகையாகவே தொடங்கினால் 16 வரிசைக்குப் பிறகு 18 மி.மீ. கீற்று மிஞ்சும், அதைப் பூட்டவே முடியாது. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 105 மி.மீ.யாக வெட்டி, நடுவில் 15 முழு வரிசைகள் போட்டோம்.

பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்க வைத்திருங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஓரடியாவது தள்ளி வரட்டும். சுவரின் அடியோரம் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கை ஆணியடிப்பது சுவரில்தான், தரையில் அடித்தால் அசைய வேண்டியது கட்டுப்பட்டுவிடும். கடைசி வரிசைக்கு, பலகையைச் சுவர்ப் பக்கத்திலிருந்து இழுத்துப் பூட்டும் இழுப்புக் கம்பி இல்லாமல் முடியாது, வாங்கிவிடுங்கள். பேஸ்மென்ட்டையும் செய்வதானால் கான்கிரீட்டின் மேல் முதலில் பாலித்தீன் தாள் விரிக்க வேண்டும்.

பெட்டிகள் 10 சதவீதம் கூடுதலாகவே வாங்குங்கள். திருச்சியிலிருந்து அம்மா வந்திருந்தபோது, நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வாளித் தண்ணீரால் தரையைத் துடைத்திருக்கிறார். "தண்ணி விட்டுத் துடைச்சாதாம்ப்பா சுத்தம்" என்றார். அவர் வாழ்ந்த வீடுகளின் தரைக்கு அது சரிதான். அவரிடம் முன்பே சொல்லாதது என் தப்பு. ஜன்னலோரம் தண்ணீர் தேங்கி இரண்டு பலகைகளின் ஓரம் உப்பிவிட்டது. உப்பினது திரும்ப அடங்காது. சுவரோர வரிசை என்பதால் ஸ்கர்ட்டிங்கை எடுத்து, அந்த இரண்டையும் கழற்றி, மிச்சம் வைத்திருந்த பெட்டியிலிருந்து மாற்றிவிட்டேன். கடையில் அதே நிறம் அதற்குள் நின்றுபோயிருந்தது.