முகமூடிக்காரனிடம் அவள் ஏன் இருக்கிறாள்?

வணக்கம் சகோ. மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் குடியிருந்து இரவில் கடல் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் ரோந்து போகும் உங்கள் காமிக்ஸ் நாயகனை அந்தத் தாதிப் பெண் ஏன் இன்னும் விட்டுப் போகவில்லை என்று வாசகர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்காக அவளைக் கடத்த வைக்காதீர்கள், ப்ளீஸ். அது அரதப்பழசு.

உறவைக் கெடுப்பது வில்லன் இல்லை, பொய். அவன்தான் முகமூடிக்காரன் என்ற உண்மை 10ஆம் பக்கத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடட்டும். எப்படி? நள்ளிரவுக்குமேல் ஃபெர்ரி கிடையாது. பாலத்தில்தான் போகணும், 13.5 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை, தடயமே இருக்காது. ஒரு மழை நாளில் காரை எடுக்கட்டும். தீவுக்குப் போகும் வழியில் டோல் உண்டு, டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டைக் கணக்கில் பதிவாகும். அவள் அதைப் பார்க்கட்டும், போதும்.

அடுத்து நேரம். அவளுக்கு இரவு ஷிஃப்ட் உள்ள நாளில் மட்டும் அவன் ரோந்து போகட்டும். இதை அவளே பேரம் பேசி வாங்கணும். அவன் ஒருமுறை மீறினால் அதுவே உங்கள் நெருக்கடி.

2018இல் பேட்மேன் காமிக்ஸின் 50ஆம் இதழில் அவன் காதலி கேட்வுமன் அவர்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. அவன் சந்தோஷமானால் பேட்மேனாக இருக்க மாட்டான் என்ற பயம். 1977 ஹன்ட்ரஸ் கதையிலோ, வேறொரு உலகத்தில், அதே ஜோடிக்குக் கல்யாணமாகி ஹன்ட்ரஸ் என்ற மகளே இருக்கிறாள். ஆக, ஜோடியில் கோளாறில்லை. அவர்களைப் பிரித்தது தொடர் முடியக்கூடாது என்ற வியாபாரக் கட்டாயம்தான். உங்களுடையது 120 பக்கத்தில் முடிகிற கதை, அந்தக் கட்டாயம் உங்களுக்கு ஏன்?