இன்றைக்கும் ஒரு பங்கு

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளிப் பருவத்தில் வீணை கற்றபோது, என்றாவது மேடையில் தனிக் கச்சேரி செய்வேன் என்று எனக்கு நானே உறுதி கூறிக்கொண்டேன். இன்று அலுவலகம், மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்று பொழுது போய்விடுகிறது. முதுமையை நினைத்து, மிஞ்சும் பணத்தையெல்லாம் சிங்கப்பூரின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான மத்திய சேம நிதியின் சிறப்புக் கணக்கில் போடுகிறேன். அதனால் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதும் தள்ளிப்போகிறது. அன்றைய நான், இன்றைய நான், நாளைய நான் என்ற மூவரில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மூவருக்கும் சமபங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

பிறருக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவர்கள்தாம் நம்மை விடுவிக்க முடியும். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்கை மாற்றும் உரிமையோ உங்களுக்கே உண்டு. அந்தச் சிறுமி ஆசைப்பட்டது மேடைக்கா, வீணைக்கா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். வீணைக்குத்தான் என்றால், 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

நாளைய உங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். குவாட்பாக், கில்பர்ட், வில்சன் ஆகிய உளவியலாளர்கள் 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, 2013இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடந்த பத்தாண்டில் வெகுவாக மாறிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் மக்கள், எந்த வயதிலும், அடுத்த பத்தாண்டில் அவ்வளவாக மாறமாட்டோம் என்றே நம்புகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆகவே 65 வயதில் உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை இன்றே முடிவுசெய்ய இயலாது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழியும், மனம் மாறினால் பாதையை மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் இடமும் அப்போது தேவைப்படும் என்பது மட்டும் உறுதி. சிறப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி கிடைக்கிறது, பின்னர் அது ஆயுள் முழுவதும் மாதத்தொகையாக வருகிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நீங்களாக அதில் போட்ட ரொக்கத்தை இடையில் திரும்ப எடுக்க முடியாது. ஐம்பது வயதில் வேலை போனாலோ, வேறு தொழிலுக்குப் படிக்க விரும்பினாலோ, அந்தப் பணம் உதவாது. சில மாதச் செலவுக்கான தொகையாவது வங்கியில், எடுக்கக்கூடிய நிலையில் இருக்கட்டும்.

இன்றைய உங்களைத்தான் நீங்கள் அதிகம் பட்டினி போடுகிறீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பு ஓராண்டு தாமதித்தாலும் சேரும். அம்மாவுடன் இருக்கும் நாள்கள் அப்படியல்ல. மகனுக்கும் பாட்டி வேண்டும். உங்கள் சிறப்புக் கணக்கில் நிரப்பும் தொகைக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கிடைக்கும் வரிக்கழிவுக்கு டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு. தேர்வு முடிந்தபின் வரும் ஆண்டிறுதி விடுமுறைக்குத் திருச்சி விமானச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, மீதியைக் கணக்கில் போடுங்கள்.