ஜப்பான் நிறுவனம் அனுப்பிய பணம் குறைகிறதா?

அது வங்கிக் கட்டணம் அல்ல, ஜப்பானில் பிடித்த வரி. ஜவ்வரிசி ஆலை மென்பொருளின் உரிமத்துக்கு 20,00,000 யென் பில் போட்டு, 15,91,600 வந்தது என்கிறீர்கள். குறைவது சரியாக 20.42 சதவீதம்: 20 சதவீத வரி, அந்த வரியின்மேல் 2.1 சதவீதக் கூடுதல் வரி. இந்தியா-ஜப்பான் வரி ஒப்பந்தப்படி 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது.

ஒப்பந்தச் சலுகைக்கான படிவம், பணம் அனுப்புவதற்கு முன்பே அங்குள்ள வரி அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும். உங்களிடம் யாராவது அப்படி ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கினார்களா? இல்லையென்றால் அந்த ஜப்பான் நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். உங்களோடு வாரந்தோறும் இனிக்க இனிக்கப் பேசும் அவர்களுடைய புத்தாக்கக் குழுவுக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் செய்த கருவியில் இதே சிக்கல் வந்தபோது, சேலம் ஐந்து ரோட்டில் வங்கி மேலாளரோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றோம். பாவம், அவர் என்ன செய்வார்!

கூடுதலாகப் பிடித்த 2,08,400 யென்னைத் திரும்பக் கேட்கலாம். அந்த மனுவும் அந்த நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு வரிக்கான ஈடு ஒப்பந்த விகிதமான 10 சதவீதம் வரைதான் கிடைக்கும்.